மூன்று எழுத்தும் இருபத்தாறு நிமிடமும்

நாங்கள் அறைக்குள் நுழைந்ததும் பேராசிரியர் முதலில் பார்த்தது எங்கள் முகத்தை அல்ல, என் செருப்பை. வாசலில் கிடந்த மிதியடியைக் கண்ணால் காட்டினார். துடைத்தேன். போதாது என்பதுபோல் மறுபடியும் பார்த்தார். மறுபடியும் துடைத்தேன். வேலை கொடுக்கிற கட்சிக்காரர் சொன்னால் காலையே கழற்றி வெளியே வைத்துவிட்டு வரவேண்டும் என்பது என் கொள்கை. அவருடைய ஷூவில் என் முகம் தெரிந்தது. ஷேவ் செய்துகொண்டு வந்திருக்கலாம் என்று தோன்றியது.

"மூணு மணிக்கு விசாரணைக் குழு கூடுது," என்றார். "இப்ப மணி பத்து. அஞ்சு மணி நேரத்துல முடிப்பீங்களா?"

"எதை முடிக்கணும்னு சொன்னீங்கன்னா முடியுமான்னு சொல்றேன்," என்றார் அண்ணி.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவிதான். பதினேழு வருஷம் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தவர். ஒரு மாதம் இரண்டு கல்யாண அழைப்பிதழ்கள் அவர் மேஜைக்கு வந்தன. பெண் வேறு, மண்டபம் வேறு, தேதி வேறு. மாப்பிள்ளை வீட்டு முகவரி மட்டும் ஒன்று. பிழை எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கலாம். அண்ணி இரண்டு பெண் வீட்டுக்கும் போன் போட்டார். அன்றைக்கு அச்சகத்துக்கு இரண்டு ஆர்டர் போயிற்று, அண்ணிக்கு வேலை போயிற்று, ஊருக்கு ஒரு துப்பறிவாளர் கிடைத்தார். என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று வேலையிலிருந்து நின்றவன். இவனை வீட்டில் வைத்துக்கொள்வதைவிட ஆபீஸில் வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணனும் அண்ணியும் ஏகமனதாக முடிவு செய்ததால் உதவியாளன் ஆனவன்.

"இதுதான் நான்," என்று பேராசிரியர் சுவரைக் காட்டினார்.

சுவரில் அவர் இல்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் இரண்டு நீள வரிசை எழுத்துக்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. மூன்று இடங்களில் மட்டும் சிவப்பு.

அடுத்த கால் மணி நேரம் அவர் பேசியதில் எனக்கு ஒட்டியது இவ்வளவுதான். உடம்பில் செல்லுக்குச் செல் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டி மின்நிலையங்கள் இருக்கின்றன. உள்ளே தயாராகும் சக்தியை வெளியே விடவும், காலியானதை உள்ளே வாங்கவும் அதன் சுவரில் ஒரு புரதம் வாசல் காக்கிறது. கடத்தி என்று அதற்குப் பெயர். ஏறக்குறைய முந்நூறு எழுத்தில் எழுதிய புரதம். அதை எழுதுவதற்கான மூலப்பிரதி மரபணு. அது ஒரு உடம்பில் எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். முப்பது வருஷத்துக்கு முன் இவர் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது ஒரு வெள்ளாட்டின் இதயத்திலும் கல்லீரலிலும் இந்தக் கடத்தியை எடுத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார். மூன்று எழுத்து மாறியிருந்தது. ஒரே ஆடு, ஒரே மூலம், ஆனால் கல்லீரல் மட்டும் மூன்று எழுத்தைத் தன் இஷ்டத்துக்குத் திருத்திக்கொள்கிறது என்று கட்டுரை எழுதினார். அந்த மூன்று எழுத்தால் வந்ததுதான் இந்த அறை, இந்த நாற்காலி, இந்த ஷூ.

அண்ணி எழுந்து போய்ச் சட்டத்தின் மேல் விரலை வைத்து, வரிக்கு வரி நகர்த்திப் பார்த்தார். பழைய பழக்கம். மருந்துச் சீட்டைக்கூட அப்படித்தான் படிப்பார்.

"சார், இது ரெண்டும் ஒரே பதிப்புதானே?"

"என்ன பதிப்பு?"

"அச்சகத்துல ரெண்டு பிரதி ஒத்துப்போகலைன்னா, யார் திருத்தினதுன்னு தேடுறதுக்கு முன்னாடி ரெண்டும் ஒரே பதிப்புதானான்னு பார்ப்போம். மூலத்தை எதுல பார்த்தீங்க? இதயத்துலயா, கல்லீரல்லயா?"

"இதயத்துல. ஒரே ஆட்டுக்கு எதுக்கும்மா ரெண்டு தடவை பார்க்கணும்?"

"அதுவும் சரிதான்," என்று அண்ணி உட்கார்ந்தார். அண்ணி இந்த வார்த்தையைச் சொன்னால் எங்கேயோ சரியில்லை என்று அர்த்தம். என் அண்ணனுக்கு இது பத்து வருஷமாகத் தெரியும்.

விஷயம் இதுதான். அவருடைய மாணவி ஒருத்தி ஐந்து வருஷமாக அதே வேலையை மறுபடி செய்தாள். வெள்ளாட்டின் இதயம், கல்லீரல், சிறுநீரகம், தசை என்று வரிசையாக எடுத்து அந்தக் கடத்தியையும் அதன் மரபணுவையும் ஒப்பிட்டாள். எந்த உறுப்பிலும் ஒரு எழுத்துகூட மாறவில்லை என்று முடிவு வந்தது.

"எப்படி மாறும்?" என்றார் பேராசிரியர். "இதயத்தையே ரெண்டு டியூப்ல போட்டு, ஒண்ணுல கல்லீரல்னு சீட்டு ஒட்டியிருக்கா. இதுக்கு முன்னாடியும் ரெண்டு பேர் எனக்கு வரலைன்னு எழுதினாங்க. உங்க கை சரியில்லைன்னு பதில் எழுதினேன், பேசாம போயிட்டாங்க. இவ போக மாட்டேங்கறா. இவ சீட்டு மாத்தினதுக்கு அத்தாட்சி பாருங்க."

மேஜை மேல் இரண்டு நோட்டுகளை வைத்தார். ஒன்று பழுப்பேறிய பழைய நோட்டு, அவருடையது. இன்னொன்று மாணவியுடையது.

"ஒவ்வொரு உறுப்பையும் நானே போய் எடுத்துட்டு வந்தேன். ஆளை அனுப்பினதே கிடையாது. இங்க படிங்க. அஞ்சு நாப்பது, இதயம். அஞ்சு நாப்பத்து மூணு, கல்லீரல். அஞ்சு ஐம்பது, பஸ். மூணே நிமிஷம். ஐஸ்ல போடுற வரைக்கும் ஒவ்வொரு நிமிஷமும் புரதம் கெடும். இப்ப இவளோடதைப் பாருங்க. ஆறு அஞ்சு, இதயம். ஆறு முப்பத்தொண்ணு, கல்லீரல். இருபத்தாறு நிமிஷம் என்ன பண்ணிட்டு இருந்தா?"

"கேட்டீங்களா?"

"நின்னுட்டு இருந்தேங்கறா. இறைச்சிக்கூடத்துல நின்னு ரசிக்க என்ன இருக்கு?"

அண்ணி தன் பையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினார். எங்கள் படிவத்தில் இரண்டே கட்டம். மேலே ‘கண்டுபிடிக்க வேண்டியது’, கீழே ‘கண்டுபிடித்தது’. மேல் கட்டத்தைக் கட்சிக்காரர் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிற்பாடு நான் இதைக் கேட்கவேயில்லை என்று சொல்கிறவர்கள் நாட்டில் அதிகம்.

பேராசிரியர் அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘கல்லீரலை மாற்றியவர் யார்.’

*

மாணவி கீழ்த்தளத்து ஆய்வகத்தில் இருந்தாள். முப்பது வயதிருக்கும். அட்டைப்பெட்டிக்குள் தன் பொருள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். குவளை, சால்வை, ஒரு குழந்தை கிறுக்கிய படம். மூன்று மணிக்கு வரப்போகும் தீர்ப்பைப் பதினொரு மணிக்கே கட்டிவைக்கிற ஆளைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருந்தது. சுவரோரம் நாலைந்து உறைபெட்டிகள் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தன.

"நீங்க சார் அனுப்பின ஆளுங்க," என்றாள்.

"சார் கேட்ட கேள்விக்குப் பதில் தேடுற ஆளுங்க," என்றார் அண்ணி. "அது வேற, இது வேற. உங்க டியூப்ல இருக்கிறது கல்லீரல்தானா?"

"கல்லீரல்தான். அதுக்கு ஒரு சோதனை இருக்கு. கடத்தியில பல ரகம் உண்டு. உடம்புல சேர்ற கழிவை யூரியாவா மாத்துற வேலை கல்லீரலோடது. அந்த வேலைக்குன்னு அங்க ஒரு கடத்தி நிறைய இருக்கும். இதயத்துல தேடினாலும் அது கிடைக்கிறது கஷ்டம். என் டியூப்ல அது கொட்டிக் கிடக்கு."

"அதாவது, கல்லீரல் வீட்டு வேலைக்காரர் உங்க டியூப்புக்குள்ள இருக்கார். அப்ப அது கல்லீரல் வீடுதான்," என்றேன்.

அவள் முதல்முறையாக லேசாகச் சிரித்தாள். "ஆமா. சார்கிட்ட காட்டினேன். ‘மாட்டிக்கிட்ட பிறகு டியூப்பை மாத்தி வச்சிட்டே’ன்னு சொல்லிட்டார்."

"இருபத்தாறு நிமிஷம்?"

"கல்லீரலை உடனே தர மாட்டாங்க. பரிசோதனை மேஜைக்குப் போய்த்தான் வரும். என் ஆட்டோட கல்லீரல் வேற எதோடயும் கலந்துடக் கூடாதுன்னு சீட்டுக் கட்டி அதுகூடவே நின்னேன். அன்னிக்கு வீட்டுல என் பொண்ணுக்குக் காய்ச்சல். வீட்டுக்காரர் மூணு தடவை போன் பண்ணினார். நான் எடுக்கலை. நின்னேன்." குழந்தையின் படத்தைப் பெட்டிக்குள் வைத்தாள். "சார்கிட்ட சொன்னேன். நான் போன காலத்துல யாரும் என்னை நிறுத்தலையேன்னார். அப்ப முறை வேற மாதிரி இருந்திருக்கும்னு நானும் விட்டுட்டேன்."

அண்ணி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் ‘வண்டியை எடு’ என்பது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

"நீங்க எதையோ சொல்லாம வச்சிருக்கீங்க," என்றார் மாணவியிடம். "அந்த மூணாவது உறைபெட்டியை நான் வந்ததுலேருந்து ஏழு தடவை பார்த்துட்டீங்க."

மாணவி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அதுல சாரோட பழைய டியூப்புங்க இருக்கு. முப்பது வருஷத்துக்கு முந்தினது. யாரும் தொடக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருப்பார். மூணு வாரத்துக்கு முன்னாடி அதுலேருந்து ஒரு துளி எடுத்தேன். கேட்காம எடுத்தேன்."

திருட்டு. எனக்கு உள்ளுக்குள் ஏமாற்றமாக இருந்தது. இந்தப் பெண் ஒன்றும் செய்திருக்கக் கூடாது என்று நான் அதற்குள் ஆசைப்பட ஆரம்பித்திருந்தேன்.

"எடுத்து?"

"சார் இதயத்துல மட்டும்தான் மரபணுவைப் பார்த்தார். நான் அவரோட கல்லீரல்லயும் பார்த்தேன். ரெண்டும் ஒண்ணா இருக்கணும். இல்லை. அந்த மூணு இடத்துலயும் மரபணுவே மாறியிருக்கு. அப்படின்னா கல்லீரல் எதையும் திருத்தலை. அதுக்குக் கிடைச்ச மூலமே அப்படித்தான். ஆனா ஒரே ஆட்டுல அப்படி இருக்க வழியே இல்லை. என் கைதான் எங்கேயோ அழுக்காக்கிடுச்சுன்னு நினைச்சு யார்கிட்டயும் சொல்லலை."

"உங்க கைன்னு ஏன் நினைச்சீங்க?"

"ரெண்டும் ஒரே ஆடுன்னு சார் எழுதியிருக்காரே. புத்தகத்துலயே வந்திருக்கு."

அண்ணி பெருமூச்சு விட்டார். "பதினேழு வருஷமா எனக்கு ஒரே வேலைதாம்மா. அச்சுல வர்றதை நம்பாம இருக்கிறது. படிச்சவங்க நீங்க, இப்படி நம்பிட்டீங்களே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மூணு இடத்தை மட்டும் பார்க்காதீங்க. சாரோட கல்லீரல் மரபணுவை முழுசா எடுத்து, உங்க கம்ப்யூட்டர்ல எத்தனை மிருகத்தோட மரபணு இருக்கோ அத்தனையோடயும் வரிக்கு வரி ஒப்பிடுங்க. எது முழுசா ஒத்துப்போகுதுன்னு மூணு மணிக்குள்ள எனக்கு ஒரு வரி அனுப்புங்க."

"திருட்டுத் துளியை வச்சு எப்படிங்க..."

"அதை மூணு மணிக்குப் பார்த்துக்கலாம். பெட்டியைக் கட்டாதீங்க."

*

இறைச்சிக்கூடத்தை அடைந்தபோது நண்பகல். காலை வேலை முடிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். என் செருப்பை நினைத்தேன், பேராசிரியரின் மிதியடியை நினைத்தேன். இன்றைக்கு மூன்றாவது தடவையும் துடைக்க வேண்டியிருக்கும்.

"அண்ணி, ஒரு சந்தேகம். அந்தப் பொண்ணு துளி எடுத்ததை நம்மகிட்ட ஏன் ஒத்துக்கணும்? கெட்டிக்காரியா இருந்தா, திருடினதைச் சொல்லிப் பெரிய பொய்யை மறைக்கலாம்ல?"

"நீ போன மாசம் ஃப்ரிட்ஜுல இருந்த கேக்கைத் தின்னுட்டு என்ன பண்ணினே?"

"பூனைன்னு சொன்னேன்."

"நம்ம வீட்டுல பூனையே இல்லை. பொய் சொல்றவன் தன் தப்பைக் குறைச்சுச் சொல்லுவான். இந்தப் பொண்ணு தனக்குத் தெரியாத தப்பையும் சேர்த்துத் தன் தலையில போட்டுக்கிட்டா. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

கூடத்தின் கடைசியில், கையில் வயலட் மை படிந்த ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து முத்திரைக் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முத்திரைக்காரர் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்ன இறைச்சியில் முத்திரை குத்துவது அவர் வேலை.

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்கண்ணே?" என்றார் அண்ணி.

"முப்பத்துநாலு. அந்த மேஜை எனக்கும் சீனியர்." சுவரோரம் இருந்த சிமெண்ட் மேஜையைக் காட்டினார். மேஜைக்குப் பின்னால் நீளமாக ஒரு கம்பி, அதில் காலியான கொக்கிகள்.

"ஆட்டோட இதயம் வேணும்னா?"

"அறுத்த கையோட வாங்கிட்டுப் போகலாம். அதுக்குத் தடை இல்லை."

"கல்லீரல்?"

"அது மேஜைக்கு வரணும். பூச்சி இருக்கும்ல. டாக்டர் கீறிப் பார்ப்பார். நல்லதுன்னா நான் குத்துவேன், கம்பியில மாட்டுவோம். கூட்டம் கம்மியா இருந்தாலும் இருபது நிமிஷம் ஆகும்."

"எப்பவுமே இப்படித்தானா? முப்பது வருஷத்துக்கு முன்னாடியும்?"

"பூச்சி முப்பது வருஷத்துக்கு முன்னாடியும் இருந்துச்சும்மா."

நான் குறுக்கே புகுந்தேன். "இருபது நிமிஷம் நிக்க முடியாதவங்க என்ன பண்ணுவாங்க?"

"ஏற்கெனவே குத்தித் தொங்குறதுல ஒண்ணைக் கழட்டிக் கொடுப்போம். சமைக்கிறவனுக்கு எந்த ஆடா இருந்தா என்ன? யாரும் கேட்டதில்லை. இந்த வருஷம் ஒரு பொண்ணு வந்துச்சு. இதே ஆட்டோடதுதான் வேணும்னு கல்லீரல்ல சீட்டைக் கட்டிட்டு மேஜை பக்கத்துல நின்னுச்சு. போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எடுக்கலை. கண்ணு மட்டும் கலங்கியிருந்துச்சு. என்னம்மான்னு கேட்டேன். ஒண்ணுமில்லைன்னுச்சு. என் சர்வீஸ்ல அப்படி நின்னு வாங்கின ஆள் அது ஒண்ணுதான்."

அண்ணி ஏதோ கேட்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். அண்ணிக்கு இப்படி ஆவது அபூர்வம், அதனால் நான் கம்பியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"அண்ணே, காலையில எந்த வரிசையில அறுப்பீங்க?"

"முதல்ல செம்மறி. அது முடிஞ்சாத்தான் வெள்ளாடு. கத்தி, கொட்டடி எல்லாம் அந்த வரிசைக்குத்தான் ஏற்பாடு."

"வெள்ளாடு எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்?"

"அன்னிக்கும் இன்னிக்கும் அஞ்சரை."

அண்ணி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு கடைசியாக ஒன்று கேட்டார். "அந்தக் காலத்துல ஐஸ் பெட்டியோட காலேஜ் ஆள் யாராவது வருவாங்களா?"

முத்திரைக்காரர் சிரித்தார். "பஸ் தம்பியைக் கேட்கறீங்களா? ஒல்லியா ஒருத்தன். செருப்புல ரத்தம் படும்னு உள்ளே கால் வைக்க மாட்டான். வாசல்லயே நின்னு கையை நீட்டுவான். ‘அண்ணே, பஸ் போயிடும், பஸ் போயிடும்.’ இப்ப எங்க இருக்கானோ."

"நல்லா இருக்கார்," என்றார் அண்ணி. "ஷூ போட்டிருக்கார்."

வண்டிக்குத் திரும்பும்போது அண்ணியின் போன் ஒருமுறை முனகியது. ஒரே ஒரு வரி. படித்தார், என்னிடம் காட்டாமல் பைக்குள் போட்டார்.

"என்ன வந்துச்சு அண்ணி?"

"பூனை," என்றார்.

*

குழு அறையில் நீள மேஜை. தலைவி கணிதத் துறைக்காரர். இரு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். ஒரு கோடியில் பேராசிரியர், மறு கோடியில் மாணவி. அட்டைப்பெட்டியைக் கூடவே கொண்டுவந்து காலடியில் வைத்திருந்தாள். அண்ணி சொல்லியும் கட்டிவிட்டாள்.

"எனக்கு ரத்தம்னா மயக்கம் வரும், எண்ணுன்னா வராது," என்றார் தலைவி. "அதனால எண்ணா இருக்கிறதை மட்டும் சொல்லுங்க. புகாரை நிரூபிச்சா இந்தப் பொண்ணோட பதிவை இன்னிக்கே ரத்து செய்வோம். அஞ்சு வருஷ வேலை. அதை மனசுல வச்சுப் பேசுங்க."

"அந்த இருபத்தாறு நிமிஷத்துல என்ன நடந்ததுன்னு இவங்க சொல்வாங்க," என்று பேராசிரியர் எங்களைப் பெருமையாகக் காட்டினார். தன் செலவில் தனக்கே பொறி வைத்துக்கொண்டவரை நான் அதற்குமுன் நேரில் பார்த்ததில்லை.

அண்ணி இரண்டு நோட்டுகளையும் அருகருகே விரித்தார். சுண்டுவிரல் அளவு பென்சிலை எடுத்து வரியின் கீழ் வைத்தார்.

"இருபத்தாறு நிமிஷத்துல பிழை எதுவும் இல்லைங்க. கல்லீரல் பரிசோதனை மேஜைக்குப் போய் வர்றதுக்கு ஆகிற நேரம் அது. முத்திரை குத்துறவரே பார்த்திருக்கார். பிழை இங்க இருக்கு. அஞ்சு நாப்பது, அஞ்சு நாப்பத்து மூணு. இந்த மூணு நிமிஷம்."

"அது என் நோட்டு," என்றார் பேராசிரியர்.

"ஆமா சார். நீங்கதான் கொடுத்தீங்க."

"என்ன சொல்ல வர்றீங்க?"

"அந்த மேஜை உங்களுக்கு முன்னாடியே அங்க இருக்கு சார். வெள்ளாட்டோட கல்லீரல் மூணு நிமிஷத்துல உங்க கைக்கு வராது. அஞ்சரைக்குத்தான் வெள்ளாடே ஆரம்பிக்கும். அஞ்சு நாப்பத்து மூணுக்குக் கம்பியில முத்திரையோட தொங்கினது எல்லாம் அதுக்கு முன்னாடி முடிஞ்ச செம்மறி. உங்களுக்கு பஸ் போயிடும்னு அதுல ஒண்ணைக் கழட்டிக் கொடுத்திருக்காங்க. நீங்க வாசல்ல நின்னதால எந்தக் கொக்கியிலேருந்து வந்ததுன்னு பார்க்கலை."

ஒரு உறுப்பினர் பேனாவை மூடினார்.

"இது ஊகம்," என்றார் பேராசிரியர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அண்ணி போனைத் தலைவியிடம் நீட்டினார். தலைவி உரக்கப் படித்தார். "‘சாருடைய இதயம் வெள்ளாடு. சாருடைய கல்லீரல் செம்மறி. ஒரு எழுத்துகூட பாக்கியில்லை.’"

எனக்குச் சிரிப்பு வந்தது. தரையைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"கல்லீரல் எதையும் திருத்தலை," என்றார் அண்ணி. "ரெண்டு புத்தகத்தை ஒண்ணுன்னு நினைச்சு ஒப்பிட்டிருக்கீங்க. இது வேற பதிப்புகூட இல்லை சார், வேற ஆசிரியர்."

பேராசிரியர் கடைசியாக ஒரு கயிற்றைப் பிடித்தார். "என் டியூப்பை யார் தொட்டது? யார் அனுமதி கொடுத்தது?"

மாணவி எழுந்து நின்றாள். "நான்தான் எடுத்தேன். கேட்காம எடுத்தேன். அதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க."

"அவங்க எடுத்ததை நம்பவே வேண்டாம்," என்றார் அண்ணி. "அவங்க தொடாத பழைய டியூப்பும் உறைபெட்டியில இருக்கு. நாளைக்குக் குழு முன்னாடி சாரே திறந்து சாரே ஒரு துளி எடுக்கட்டும். வேற ஆய்வகத்துக்கு அனுப்புங்க. அதே பதில் வரும்."

தலைவி பேராசிரியரைப் பார்த்தார். "எடுக்கிறீங்களா?"

அவர் பழைய நோட்டைத் தன் பக்கம் இழுத்து அந்த மூன்று வரியையும் படித்தார். முப்பது வருஷத்தில் எத்தனையோ தடவை எத்தனையோ பேரிடம் காட்டிய பக்கம். இப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறார் என்று தோன்றியது. எனக்கு அவரைப் பிடிக்கவில்லை, ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"அடுத்த பஸ் ஏழரைக்கு," என்றார் கடைசியில், யாரிடமும் இல்லாமல். "அதுக்குள்ள ஐஸ் உருகிடும். அந்த பஸ்ஸை விட்டா அன்னிக்கு வேலையே போச்சு. எனக்கு வேற வழி இல்லை."

"சார்," என்றாள் மாணவி. "அன்னிக்கு என் பொண்ணுக்கு நூத்திமூணு டிகிரி காய்ச்சல்."

உட்கார்ந்துவிட்டாள்.

தலைவி தாள்களை அடுக்கினார். "புகார் தள்ளுபடி. கேட்காம எடுத்ததுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும்மா, வாங்கி வச்சுக்கோ. நாளைக்கு டியூப்பை எங்க முன்னாடி திறக்கணும். கட்டுரையைப் பத்தி அப்புறம் பேசலாம்." பிறகு அண்ணியிடம் திரும்பினார். "உங்க வேலை முடிஞ்சுதா?"

"ஒரு கட்டம் பாக்கி இருக்கு," என்று அண்ணி படிவத்தை எடுத்தார். மேலே பேராசிரியரின் அழகான கையெழுத்து: ‘கல்லீரலை மாற்றியவர் யார்.’ கீழ்க் கட்டம் காலி. அதை நிரப்புவது எப்போதும் நான்தான். பேனாவைத் திறந்தேன்.

பேராசிரியர் கையை நீட்டினார். பேனாவைக் கேட்கிறார் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வாங்கி, கீழ்க் கட்டத்தில் தன் பெயரை எழுதினார். பழக்க தோஷம், பக்கத்தில் நேரத்தையும் குறித்தார்: 3.52.

பிறகு மாணவியைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அந்த வார்த்தை அவருக்குப் பழக்கமில்லை போலும்.

"உன் ஆய்வேட்டை மேஜை மேல வச்சிட்டுப் போ. இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்," என்றார். ஜன்னல் வழியே சாலையைப் பார்த்துவிட்டுச் சேர்த்தார். "உனக்கு நாலு மணி பஸ்தானே? வந்துட்டு இருக்கு. ஓடு."

மாணவி அட்டைப்பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். குவளையை எடுத்தாள், சால்வையை எடுத்தாள், குழந்தையின் படத்தை எடுத்தாள், அடியிலிருந்த ஆய்வேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் திரும்ப அடுக்கினாள். அதற்குள் பஸ் வந்து, நின்று, போய்விட்டது.

"நான் நின்னுக்கறேன் சார்," என்றாள். "நீங்க கையெழுத்துப் போடுங்க."